பையனை ஃபுட்பால் அகாடமியில் விடப் போகிறீர்களா? பழைய வார்டன் ஒருவன் சொல்வது

ஒன்பது வருடம் ஒரு ஃபுட்பால் அகாடமியில் ஹாஸ்டல் வார்டனாக இருந்தேன். நான் கோச் இல்லை. ஒரு காலத்தில் மாவட்ட அணிக்குக் கோல்கீப்பராக நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். 10 வயதிலிருந்து 17 வயது வரை ஐம்பது அறுபது பையன்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். மலப்புரம், வியாசர்பாடி, தூத்தூர், சேலம், மணிப்பூர், ஐஸ்வால் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். இடது காலாலும் பாஸ் கொடுக்கக் கோச்கள் கற்றுக்கொடுத்தார்கள். நகம் வெட்டு, சாக்ஸைத் துவை, அம்மாவுக்குப் போன் பண்ணு என்று கத்திக்கொண்டிருந்தது நான்.

வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்கிறார்கள். "அண்ணே, பையனை எந்த அகாடமியில் போடலாம்?" ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசித் தொண்டை கட்டியதால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. அகாடமியில் பையன் காலில் பந்து இருப்பது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், மிஞ்சிப் போனால் மூன்று. பார்க்க வரும் பெற்றோர் கண்ணில் படுவது அந்த நேரம் மட்டும்தான். பச்சைப் புல், ஃப்ளட்லைட், வரிசையாக கோன்கள், வெளிநாட்டுக் கோச் இருந்தால் அவரோடு ஒரு போட்டோ. மீதி 21 மணி நேரம் அவன் எங்கே, யாரோடு, எப்படி இருக்கிறான் என்று கேட்டவர்கள் இந்த ஒன்பது வருடத்தில் பத்துப் பேர் இருப்பார்களா என்பதே சந்தேகம். ஆனால் நல்லா ஆடிக்கொண்டிருந்த பையன் தேய்ந்துபோவதும், சுமாராக வந்தவன் மேலே ஏறுவதும் அந்த 21 மணி நேரத்தில்தான் நடப்பதை நான் பார்த்தேன். அதனால் நான் சொல்வதில் பாதிக்கு மேல் ஹாஸ்டலைப் பற்றித்தான் இருக்கும்.

எந்த வயதில்

10 வயதில் விடாதீர்கள். குட்டிப் பையன்களுக்கென்று தனி பேட்ச் என விளம்பரம் வந்தாலும் விடாதீர்கள். எங்களிடம் 10 வயதில் ஒருவன் வந்தான். இடது விங்கில் அவன் பந்தோடு ஓடினால் 13 வயதுப் பையன்கள் திணறுவார்கள். அவன் தினமும் விடிகாலை 4 மணிக்கு எழுந்து மெத்தையைத் திருப்பிப் போட்டு, நனைந்த விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் எனக்கே தெரியாது. தெரிந்ததும் என் அலமாரியில் அவனுக்கென்று நாலு விரிப்பு வாங்கி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் தாக்குப்பிடித்தான், விடுமுறைக்குப் போனவன் திரும்ப வரவில்லை.

12 முடிந்து 13 ஆரம்பிக்கும்போது யோசிக்கலாம். அதுவரை பையனுக்கு வேண்டியதெல்லாம் நிறைய நேரம் பந்தோடு இருப்பதுதான், அது சொந்த ஊர் மைதானத்திலேயே கிடைக்கும். சென்னையின் எஃப்சிக்கு ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடி மண்ணில் பந்து உதைக்கத் தொடங்கியவர். பெங்களூரு எஃப்சிக்குப் போன சிவசக்தி காரைக்குடி பக்கத்துக் கண்டனூர்க்காரர். பள்ளி அணி, மாவட்ட லீக், பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை தகுதிச் சுற்று இவற்றில் இரண்டு மூன்று வருடம் ஆடட்டும்.

அவன் தயாரா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் பத்து நாள் பெரியம்மா வீட்டிலோ அத்தை வீட்டிலோ விடுங்கள். போன் கொடுக்காதீர்கள். அவன் துணியை அவனே துவைக்க வேண்டும், வைத்த சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும், யாரும் எழுப்பாமல் எழுந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் அழுதால் பரவாயில்லை. பத்தாம் நாள் எப்படி இருக்கிறான் என்று பெரியம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. ஆசை அவனுடையதா, உங்களுடையதா? இதை அவனிடம் கேட்டால் சரியான பதில் வராது. அப்பா முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். மழை நாளில், யாரும் கூப்பிடாமல், பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போகிறானா என்று பாருங்கள்.

காசு கட்டாத இடங்கள் முதலில்

காசு வாங்கிக்கொண்டு சேர்க்கும் அகாடமி என்றைக்கும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கும். முதலில் இலவச இடங்களை முயற்சி செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் எஸ்டிஏடி (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) நடத்தும் விளையாட்டு விடுதியை மறந்துவிடுகிறார்கள். 7, 8, 9, 11-ஆம் வகுப்பில் சேரப் போகும் பிள்ளைகளுக்குக் கோடையை ஒட்டித் தேர்வு வைப்பார்கள். தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே இருக்கும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய்த் தேதி கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் விடுதி உண்டு. எங்கள் அகாடமியில் பெண்கள் இல்லை, அதனால் எனக்கு அனுபவம் குறைவு. ஆனால் இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். மதுரை சேது எஃப்சி 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வாங்கிய அணி. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் விசாரிக்கலாம்.

வெளி மாநிலம் என்றால் ஜம்ஷெட்பூரில் 1987-இல் தொடங்கிய டாடா ஃபுட்பால் அகாடமி, நவி மும்பையில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ், ஒடிசா புவனேஸ்வரில் 2023 நவம்பரில் ஆர்சென் வெங்கர் வந்து திறந்துவைத்த ஃபிஃபா அகாடமி. இங்கெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்டால் செலவு அவர்களுடையது. இடங்கள் மிகக் குறைவு. உள்ளே போவது கடினம், கிடைக்காவிட்டால் பையனிடம் குறை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அப்புறம்தான் தனியார் அகாடமி. எனக்குப் போன் செய்பவர்கள் சொல்லும் தொகை ஆண்டுக்கு 3 லட்சத்தில் ஆரம்பித்து 6, 7 லட்சம் வரை போகிறது. இதில் "உங்கள் பையனுக்கு மட்டும் 50 சதவீதம் ஸ்காலர்ஷிப்" என்று ஒரு வசனம் வரும். வந்த எல்லாப் பையனுக்கும் அதே ஐம்பது சதவீதம்தான், ஆடித் தள்ளுபடி மாதிரி. கட்டும் தொகையில் மெஸ், பள்ளிக் கட்டணம், போட்டிக்குப் போகும் ரயில் செலவு, ஜெர்சி, மருத்துவம் எதெல்லாம் அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். டோர்னமென்ட் செலவு தனி என்று நடுவில் 25,000 ரூபாய் கேட்டதால் வளையலை அடகு வைத்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும்.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு (ஏஐஎஃப்எஃப்) அகாடமிகளைச் சோதித்து ஸ்டார் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுடைய யூத் லீக்கில், பையனின் வயதுப் பிரிவில், இந்த அகாடமி போன சீசனில் எத்தனை ஆட்டம் ஆடியது என்று கேளுங்கள். வருடம் முழுக்கப் பயிற்சி, ஆட்டம் ஆறு என்றால் பையன் வளர மாட்டான்.

"14 வயதில் ஸ்பெயின் கிளப்பில் சேர்த்துவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவரை ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற ஃபிஃபா விதி பொதுவாக அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகள் ஒன்றிரண்டு இருக்கின்றன. பெற்றோர் ஃபுட்பாலுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோவது அதில் ஒன்று. நம்ம ஊர்ப் பையனுக்கு அதெல்லாம் பொருந்தாது. அங்கே போய் இரண்டு வாரம் ஆடிவிட்டு வருவது வேறு, அது டூர்.

டிரையல்

டிரையலுக்குக் கட்டணம் ஆயிரக்கணக்கில் கேட்கும் இடத்தில், அந்த அகாடமிக்கு டிரையல்தான் வியாபாரம். 400 பேர் வந்து 20 நிமிடம் ஆடிவிட்டுப் போவார்கள். மறுநாளே எல்லோருக்கும் "செலக்டட்" என்று வாட்ஸ்அப் வரும். நல்ல அகாடமி இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்கும், ஹாஸ்டலில் ஒரு இரவாவது தங்கவைக்கும்.

பையனுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். புது ஸ்டட் (ஃபுட்பால் பூட்ஸ்) போட்டுக்கொண்டு போகாதே, கொப்புளம் வரும். டர்ஃப் மைதானமா புல்லா என்று முன்பே கேட்டு அதற்கேற்றதை எடுத்துக்கொள். எந்த இடத்தில் ஆடுகிறாயோ அதைச் சொல். எல்லோரும் ஸ்ட்ரைக்கர் என்று எழுதுவார்கள், நாற்பது ஸ்ட்ரைக்கருக்கு நடுவில் ஒரு லெஃப்ட் பேக் வந்தால் கோச் நிமிர்ந்து உட்காருவார். பந்தை இழந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்காதே, திரும்பி ஓடு. எங்கள் கோச் ஒருவர் டிரையலில் ஒவ்வொரு பையனும் பந்தை இழந்த பிறகு வரும் ஐந்து விநாடியை மட்டும்தான் பார்ப்பார். கோல் போட்டவன் பெயரைக்கூடக் குறித்துக்கொள்ள மாட்டார்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டுக்கு வெளியே நின்று "ஷூட் பண்ணுடா" என்று கத்துகிறவரையும் கோச்கள் குறித்துக்கொள்வார்கள்.

சின்ன உருவம் என்று கழித்துவிட்டார்களா? பிறந்த மாதத்தைப் பாருங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 13 வயதில் அந்த 11 மாதம் அரை அடி உயரமாகத் தெரியும், 18 வயதில் ஒன்றுமே தெரியாது. டிசம்பர்ப் பையனை அடுத்த வருடம் மறுபடியும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிறந்த தேதி

இது பேசக் கூச்சமான விஷயம், ஆனால் பேசியே ஆக வேண்டும். "இரண்டு வருடம் குறைத்துப் போட்டால் நல்லா தெரிவான்" என்று ஊரில் ஒருவர் யோசனை சொல்வார். செய்யாதீர்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு முதிர்ச்சியைப் பார்க்கும் டிடபிள்யூ3 சோதனை இருக்கிறது. 17 வயதுக்கு உட்பட்ட சர்வதேசப் போட்டிகளில் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறார்கள். ஏஐஎஃப்எஃப்-இன் சிஆர்எஸ் என்னும் ஆட்டக்காரர் பதிவில் ஒரு தேதி ஏறிவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும் தலைவலி. ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று மூன்று தேதியோடு ஒருவன் எங்களிடம் இருந்தான். அவன் தப்பு செய்யவில்லை, தாத்தா பள்ளியில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொல்லியிருக்கிறார். அணி ரயில் ஏறிப் போன அன்று அவன் ஹாஸ்டலில் தனியாக உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டான். இன்றைக்கே மூன்று தாளையும் எடுத்து ஒரே தேதியா என்று பார்த்துவிடுங்கள்.

ஹாஸ்டலைப் பார்க்கப் போகும்போது

காலையில் போகாதீர்கள். காலையில் எல்லா ஹாஸ்டலும் அழகாக இருக்கும். சாயங்காலம் 7 மணிக்குப் போங்கள், பயிற்சி முடிந்து குளித்துச் சாப்பிட வரும் நேரம். முன்கூட்டிச் சொல்லாமல் போனால் உள்ளே விட மாட்டேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கலாம், பிள்ளைகளின் பாதுகாப்பு. அதைத் தப்பாக எடுக்காதீர்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் பார்க்கவே கூடாது என்றால் சேர்க்காதீர்கள்.

முதலில் கழிப்பறை. எத்தனை பேருக்கு எத்தனை என்று எண்ணுங்கள். தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு கொடியில் காயும் துணி. மழைக்காலத்தில் காயாத சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஓடும் பையனுக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், ஒரு அறையில் ஒருவனுக்கு வந்தால் எட்டுப் பேருக்கும் வரும். துணி காய இடம் இருக்கிறதா, ஸ்டட் வைக்க அறைக்கு வெளியே தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமான ஸ்டட்டுக்குள் பழைய பேப்பரைத் திணித்து வைக்க என் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு.

மெஸ்ஸில் மெனு சார்ட்டைப் படிக்காதீர்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடைசியாக வரும் பையனுக்கு முட்டையும் சிக்கனும் மிச்சம் இருக்கிறதா? பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் வாழைப்பழமோ பாலோ சுண்டலோ ஏதாவது கொடுக்கிறார்களா? இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவன் காலையில் வெறும் வயிற்றோடு ஓடுகிறானா? மிசோரம் பையன்கள் எங்கள் சாம்பாரைப் பார்த்து முதல் மாதம் தலையைத் தொங்கப் போடுவார்கள். சமையல்கார அண்ணன் ஞாயிற்றுக்கிழமை அவர்களையே அடுப்படிக்குள் விட்டார், கீரையைப் புழுங்க வைத்து அவர்கள் செய்த சாப்பாட்டை மலப்புரம் பையன்களும் தட்டில் வாங்கிக்கொண்டார்கள். இப்படி ஒரு சமையல்காரர் இருக்கும் ஹாஸ்டலுக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போடுங்கள்.

தூக்கத்தைக் கணக்குப் போடுங்கள். விளக்கு அணைவது எப்போது, எழுப்புவது எப்போது? 13 வயதுக்கு மேல் குறைந்தது 8 மணி நேரம் வேண்டும். இரவு 10:30 வரை ஸ்டடி, காலை 5 மணிக்கு விசில் என்றால் ஆறரை மணி நேரம். அப்படி இருக்கும் பையன் ஸ்கூலில் தூங்குவான், மூன்று மாதத்தில் தொடைத் தசை பிடிக்கும்.

யார் யாரோடு தூங்குகிறார்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 17 வயதுக்காரனையும் 12 வயதுக்காரனையும் ஒரே அறையில் போடக் கூடாது. இரவில் விழித்திருக்கும் ஆள் யார், அவருக்குப் போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா, பெரியவர்கள் யாரும் பையனோடு தனியாகப் பூட்டிய அறையில் இருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? கேட்க வெட்கப்படாதீர்கள். "போக்சோ புகார் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிள்ளைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வாங்கிய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல நிர்வாகி முகம் சுளிக்க மாட்டார். எங்கள் இடத்தில் முதல் மூன்று வருடம் இரவு வார்டன் நான் ஒருவன்தான், அறுபது பேருக்கு. காய்ச்சலோடு ஒருவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் மீதி ஐம்பத்தொன்பது பேருக்கு வாட்ச்மேன்தான் துணை. பல தடவை சொன்ன பிறகே இன்னொரு ஆள் வந்தார்.

கடைசியாக, ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் அங்கிருக்கும் 15 வயதுப் பையனிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு அங்கிள்" என்றுதான் வரும். "போன வருஷம் உன்னோட சேர்ந்தவங்க இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேளுங்கள்.

படிப்பு

சில அகாடமி பக்கத்துப் பள்ளியில் சேர்க்கும், சில என்ஐஓஎஸ் என்னும் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்யும். என்ஐஓஎஸ் அரசு அங்கீகாரம் உள்ளதுதான், அதில் தப்பு இல்லை. ஆனால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். "செல்ஃப் ஸ்டடி" என்று டைம்டேபிளில் இருந்தால் அங்கே படிப்பு நடக்கவில்லை என்று பொருள், வார்டனாக நான் உத்தரவாதம் தருகிறேன்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2025-இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் பெரிய ஆட்டக்காரர்களே மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். என்னிடம் இருந்த பையன்களில் இன்று ஃபுட்பாலால் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போனவர்கள். ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை இவற்றுக்கெல்லாம் சென்னையில் அணி உண்டு. அந்த வேலைக்கும் மார்க் ஷீட் கேட்பார்கள், கல்லூரியில் இலவச சீட்டுக்கும் பிளஸ் டூ வேண்டும்.

கையெழுத்து போடும் முன்

அகாடமி கொடுக்கும் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். அங்கேயே போடச் சொன்னால் போடாதீர்கள். மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒன்று, பையன் விலகினால் ரிலீஸ் கடிதம் எத்தனை நாளில் தருவார்கள், அதற்குக் காசு கேட்பார்களா? சிஆர்எஸ்-இல் அவர்கள் பெயரில் பதிவாகியிருக்கும்வரை வேறு அணிக்கு ஆட முடியாது, சிலர் இதை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு, ஒப்பந்தக் காலம். 18 வயதுக்கு உட்பட்டவரிடம் மூன்று வருடத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் போட ஃபிஃபா விதியில் இடமில்லை. மூன்று, காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, இன்சூரன்ஸ் எவ்வளவு வரை?

12 வயதிலிருந்து 21 வயது வரை பையனை வளர்த்த கிளப்களுக்குப் பயிற்சி இழப்பீடு என்று ஒரு தொகை ஃபிஃபா விதியில் உண்டு. அதனால் உங்கள் ஊர் கிளப்பில் ஆடியதையும் ஒழுங்காகப் பதிவு செய்து வையுங்கள். ஒருநாள் அந்த மைதானத்துக்குக் கோல்போஸ்ட் வலை வாங்கவாவது ஆகும்.

முதல் ஆறு வாரம்

கொடுத்தனுப்ப வேண்டியவை: இரண்டு ஜோடி ஸ்டட், ஷின் பேட், ஆறு ஜோடி சாக்ஸ், நகவெட்டி, பூட்டு இரண்டு சாவியோடு (ஒன்று வார்டனிடம்), எல்லாத் துணியிலும் மார்க்கரால் எழுதிய எண், கொசுவலை, தைலம். முறுக்கு, அதிரசம் கொடுத்தால் அறைக்கே போதும் அளவுக்குக் கொடுங்கள். ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் அவன் ட்ரங்க் பெட்டி உடைபடும்.

முதல் வாரம் யாரும் அழ மாட்டார்கள். புது இடம், புது ஜெர்சி, குஷியாக இருக்கும். மூன்றாம் வாரம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை போன் நேரத்தில் "அம்மா, கூட்டிட்டுப் போ" என்பான். அன்று இரவே பஸ் ஏறி வந்துவிடாதீர்கள். "சரிப்பா, அடுத்த ஞாயிறு பேசலாம்" என்று சொல்லிவிட்டு வார்டனுக்குத் தனியாகப் போன் செய்து, சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, யாரோடாவது சிரித்துப் பேசுகிறானா என்று கேளுங்கள். மூன்றும் ஆமாம் என்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். ஒன்றுக்காவது இல்லை என்றால் கிளம்பி வாருங்கள். குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றிப் பயந்து பேசினால் பொறுக்கவே வேண்டாம், அன்றைக்கே வாருங்கள்.

போனில் "எத்தனை கோல் போட்டே?" என்று ஆரம்பிக்காதீர்கள். டிஃபென்ஸ் ஆடுகிறவன் என்ன பதில் சொல்வான்? ரூம் பையன்கள் பெயரைக் கேளுங்கள். ஐஸ்வால் பையன் என்ன பாட்டுப் பாடுகிறான் என்று கேளுங்கள்.

வலி

குதிகால் வலிக்கிறது, முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டாக வீங்குகிறது என்று 11 முதல் 14 வயதுக்குள் சொல்வான். வேகமாக வளரும் காலத்தில் வருவதுதான், பெரும்பாலும் ஓய்வும் குறைவான ஓட்டமும் போதும். ஆனால் பையன்கள் மறைப்பார்கள், அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். நொண்டிக்கொண்டே மாடிப்படி இறங்கி, மைதானத்துக்கு வந்ததும் நிமிர்ந்து நடக்கும் பையன்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பிசியோ வாரம் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். ஊசி போட்டு ஆட வைப்பதற்கு நீங்கள் சம்மதிக்கவே கூடாது. உங்களைக் கேட்காமல் எந்த ஊசியும் கூடாது என்று சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

ஏப்ரல், மே

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ஒரு பட்டியல் வரும். யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள். சில அகாடமி பெற்றோரைக் கூப்பிட்டு நேரில் சொல்லும், சில வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப் போடும். எது உங்கள் அகாடமியின் வழக்கம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பையன் அதைக் குரூப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

2017 அக்டோபரில் டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டி, 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலைப் போட்ட இரவு எங்கள் டிவி அறையில் இரண்டு நாற்காலி உடைந்தது. ஆட்டம் 2-1 என்று தோற்றதுகூட அன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. அன்று குதித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெயர் அடுத்த இரண்டு மூன்று பட்டியல்களில் இல்லை. அவர்களில் ஒருவன் இப்போது பிசியோ படிக்கிறான், இன்னொருவன் கோச்சுக்கான டி லைசென்ஸ் முடித்து ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ஒருவன் பந்தைத் தொடுவதே இல்லை, அவன் அப்பா பட்டியல் வந்த அன்று கேட்டுக்கு வெளியே வைத்தே "உனக்காக எவ்வளவு செலவு பண்ணேன் தெரியுமா" என்று ஆரம்பித்தார், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன்.

கூட்டிக்கொண்டு போக இரண்டு பேராக வாருங்கள். ஒருவர் பையனோடு டீக்கடையில் உட்காரட்டும். இன்னொருவர் ஆபீசுக்குப் போய் டிசி, ரிலீஸ் கடிதம், மெடிக்கல் ஃபைல், டெபாசிட் பணம் நான்கையும் வாங்கட்டும். "தபாலில் அனுப்புகிறோம்" என்றால் உட்கார்ந்துவிடுங்கள், அன்றைக்குக் கிடைக்காதது ஜூன் மாதம் பள்ளி திறக்கும்வரை கிடைக்காது. ஸ்டட்டை மறந்துவிடுவான், கட்டிலுக்கு அடியில் பாருங்கள்.